பட்டம் வேண்டாம், பேசியதைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கெடிலம் ஆற்றங்கரைத் தெருக்களில் வெள்ளம் புகுவதைத் தடுப்பது பற்றிக் கடலூரில் சென்ற மாதம் நடந்த கூட்டத்தின் செய்தி உங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் பேசினேன். என் பெயருக்கு முன்னால் ‘சுயசிந்தனையாளர்’ என்று போட்டு, ‘அவர் வழக்கம்போல் மாறுபட்ட கருத்தை எடுத்துரைத்தார்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அது என்ன கருத்து என்பது செய்தியில் எங்கும் இல்லை.

செய்தி எழுதிய தம்பி மேல் எனக்கு வருத்தம் கிடையாது. உட்கார இடமில்லாமல் கூட்டம் முடிகிறவரை நின்றுகொண்டே குறிப்பெடுத்தார். மரியாதையாக நினைத்துத்தான் அந்தப் பட்டத்தைக் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலையில் பால் வாங்கப் போன இடத்தில் நாலு பேர் கைகொடுத்து வாழ்த்தினார்கள். “அப்படி என்ன சார் பேசுனீங்க?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, சிதம்பரம் என்று இந்த மாவட்டத்துத் தாலுகாக்களிலேயே என் வேலைக்காலம் கழிந்தது. வீடு வண்டிப்பாளையத்தில். அடுத்தவர் வைக்கும் பெயரோடு வாழ்வது எனக்குப் புதிது கிடையாது. ஒரு ஊருக்குள் சர்வேயர் கால் வைப்பதற்கு முன்பே அவருக்கு ஒரு பெயர் தயாராக இருக்கும்.

வரப்பு நகர்ந்துவிட்டது என்று பங்காளிகளுக்குள் தகராறு வரும். அதில் ஒருவர் மனு எழுதி, கட்டணம் கட்டி, அளக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். மனு போட்டவர் அவர் என்பதால் நான் அவருடைய ஆள். எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தால் ‘அந்தப் பக்கம் சாஞ்சிட்டாரு’. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் சித்திரை வெயிலில் காலையிலிருந்து நிற்கும்போது யாராவது இளநீர் சீவிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். வாங்கவும் முடியாது, வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும். இரண்டில் எது செய்தாலும் அதற்கு ஒரு பெயர் உண்டு. போதாததற்கு 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்பில் பெயர் மாறிப்போன பட்டாக்கள் வேறு. தாத்தா உழுத நிலம் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். அந்தப் பதிவைப் பார்த்துச் சொல்கிறவன் என்பதற்காகவே அந்தக் குடும்பத்துக்கு நான் எதிரி.

அப்புறம் எப்படி வேலை நடந்தது என்று கேட்பீர்கள். புலப்படம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவோடு காட்டும் படம் அது, எஃப்.எம்.பி. என்றால் பலருக்குத் தெரியும். கல்லிலிருந்து கல்லுக்கு ஒரு நேர்கோடு பிடிப்போம், அதை ஜி லைன் என்போம். அந்தக் கோட்டில் இத்தனை தூரம் போனால், அங்கிருந்து செங்குத்தாக இத்தனை அளவு தள்ளி வயலின் மூலை இருக்கிறது என்று படத்தில் எழுதியிருக்கும். கிராஸ் ஸ்டாஃபை ஊன்றி அந்தச் செங்குத்தைப் பார்ப்போம். பழைய படங்களில் அளவெல்லாம் லிங்க் கணக்கு. 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது, எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்த யாரும் பின்தொடரலாம்.

அளந்து முடித்ததும், என்னை நம்பாதவர் யாரோ அவரிடமே சங்கிலியின் ஒரு முனையைக் கொடுப்பேன். வேறு கல்லிலிருந்து நீங்களே பிடித்துப் பாருங்கள் என்பேன். பெரும்பாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். எங்காவது கூடக்குறைய வந்தால் எந்தக் கல் புதைந்திருக்கிறது, எது பிடுங்கி நடப்பட்டது என்று தேடுவோம். சங்கிலி பிடிக்கும் உதவியாளரான செயின்மேன் மண்வெட்டியால் பறித்துக்கொண்டே போவார், ஊரே சுற்றி நின்று எட்டிப் பார்க்கும். பழைய கல்லின் தலை தெரிந்ததும் அதுவரை சத்தம் போட்டவர்கள் பக்கத்தில் வந்து குனிந்து பார்ப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் கடைசியில் ஒத்துக்கொண்டதற்கு என் யோக்கியதை காரணமே அல்ல. நான் யாருடைய ஆளாக இருந்தாலும் சரி, சொன்னதைச் சோதித்துப் பார்க்க அவர்கள் கையில் ஒரு வழி இருந்தது.

ஓய்வு பெற்று ஊர்ப் பேச்சில் கலந்துகொள்ள ஆரம்பித்த பிறகுதான் அப்படி ஒரு வழியை யாரும் தேடுவதே இல்லை என்று பார்க்கிறேன். சங்கிலியைப் பிடித்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பேசியவர் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.

2024 டிசம்பர் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் மழை, அதோடு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர். தென்பெண்ணை கரை மீறிக் கடலூரின் பல பகுதிகளுக்குள் வந்தது. சொல்லாமல் திறந்துவிட்டார்கள் என்று ஒரு தரப்பு, எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் திறந்தோம் என்று இன்னொரு தரப்பு. தண்ணீர் வடிந்த பிறகு டீக்கடையில் இதே பேச்சு. எச்சரிக்கை போனதை நான் மறுக்கவில்லை என்றேன். உடனே ஒருவர், “நீங்க ஆளுங்கட்சி ஆளுன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றார். எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி அந்த எச்சரிக்கை வந்து சேர்ந்ததா என்று அடுத்துக் கேட்டேன். அதுவரை எனக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவர், “அதானே, கடைசியில எதிர்க்கட்சி மாதிரியே பேசுறீங்க” என்று எழுந்து போய்விட்டார். ஆற்றின் வழியில் மனை போட்டு விற்றதும் வாங்கியதும் எல்லா ஆட்சியிலும் நடந்ததுதானே என்பது என் மூன்றாவது விஷயம். அதைச் சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். என் மகள் கல்யாணத்துக்கு நான் ஜாதகம் பார்க்கவில்லை. பிள்ளை நல்லவர், இருவருக்கும் பிடித்திருக்கிறது, அது போதும் என்றேன். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் ‘கருப்புச் சட்டைக்காரராம்’ என்று பேச்சு பரவி, என் மனைவி பலருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதே ஆண்டு வைகாசித் திருவிழாவில் பாடலீஸ்வரர் கோயில் தேர் வடம் பிடித்தேன். சின்ன வயதிலிருந்து பிடித்து வருவதுதான். அதைப் பார்த்த பழைய சங்கத்து நண்பர் ஒருவர் அதற்கப்புறம் என்னோடு சரியாகப் பேசுவதே இல்லை. ஜாதகம் பார்க்காததற்கும் எனக்குக் காரணம் இருக்கிறது, தேர் இழுப்பதற்கும் இருக்கிறது. இரண்டையும் கேட்டால் சொல்வேன். அவர்கள் கேட்கவில்லை.

இந்த வசைப் பெயர்களோடு பழகிவிடலாம். ‘சுயசிந்தனையாளர்’ என்று நீங்கள் கொடுத்த பெயர்தான் எனக்கு அதிகச் சிரமம் தருகிறது. திட்டுகிறவர் என்னைக் கவனிக்க வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார், அது தெளிவு. புகழ்கிறவரும் அதே தீர்மானத்துக்குத்தான் வருகிறார், ஆனால் மாலை போட்டுவிட்டு வருகிறார். ‘அவர் அப்படித்தான் வித்தியாசமாச் சொல்வார்’ என்றால் நான் சொன்னது சரியா தப்பா என்று யோசிக்க வேண்டிய வேலை அவருக்கு இல்லாமல் போகிறது.

அதோடு, அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பும் வந்துவிடுகிறது. அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது மிக நல்ல காரியம் என்று சொன்னேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக் கிராமம் கிராமமாகப் போய் வந்த காலத்தில் பார்த்திருக்கிறேன், அதனால் சொன்னேன். “என்ன சார், நீங்களுமா?” என்றார்கள், நான் ஏதோ விலை போய்விட்ட மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை தேவைதான், மீன் முட்டையிடும் காலம் அது, ஆனால் நிவாரணப் பணம் தடை தொடங்கும் முன்பே மீனவர் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இதில் முதல் பாதியைச் சொன்னால் அதிகாரிகள் பக்கம், இரண்டாம் பாதியைச் சொன்னால் மீனவர் பக்கம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ‘சுயசிந்தனை’. தேவனாம்பட்டினத்து மீனவர்கள் பலர் இதே இரண்டு பாதியையும் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். நானே அவர்கள் சொல்லித்தான் கற்றுக்கொண்டேன். என் சிந்தனை என்று நீங்கள் எழுதியதில் பாதி அவர்களுடையது, மீதியில் பெரும்பகுதி என் மனைவியுடையதும் என்னோடு வேலை பார்த்த செயின்மேன்களுடையதும்.

பட்டம் என்ன செய்யும் என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். வடலூரில் ராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது, சாதி கேட்காமல் சோறு போடுகிறது. அதே ஆண்டில்தான் அவருடைய பாடல்களும் அச்சில் வந்தன. அதற்கு முன்பே, பதிப்பிக்க முயன்ற அன்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். ‘ராமலிங்கசாமி’ என்று தம் பெயரை வழங்குவது தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமான பெயராகப் படுகிறது, வேண்டாம் என்று. அன்பர்கள் அந்தப் பெயரை விட்டார்கள். ஆனால் நூலின் முகப்பில் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று அதைவிடப் பெரிய பெயரைப் போட்டார்கள். அன்பினால் செய்ததுதான், சந்தேகமில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். அந்தப் பாடல்களை அருளால் எழுந்த அருட்பா என்று அழைக்கலாமா, மயக்கத்தால் எழுந்த மருட்பா என்று சொல்ல வேண்டுமா என்று சண்டை வளர்ந்தது. மறுப்பும் அதற்கு மறுப்புமாகத் துண்டு நூல்கள் வந்தன. நாவலர் தொடுத்த அவதூறு வழக்கு 1869இல் இதே மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்துக்கு வந்தது. அடிகள் 1874இலும் நாவலர் 1879இலும் மறைந்த பிறகும் அவரவர் பக்கத்தார் விடவில்லை, அடுத்த நூற்றாண்டு வரை இழுத்துக்கொண்டு போனார்கள். இருவரும் பெரிய மனிதர்கள். நாவலர் பழைய நூல்களைப் பதிப்பித்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் எது அருட்பா, யார் வள்ளல் என்று எழுதப்பட்ட அத்தனை பக்கங்களில் ஒரு பங்கு, பசித்தவருக்குச் சாதி பார்க்காமல் சோறு போடுவது சரியா என்ற விவாதத்துக்குப் போயிருந்தால் இந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. தாம் விரும்பாத பெயர்தான் அவருக்கு நிலைத்தது, நானும் வள்ளலார் என்றுதான் சொல்கிறேன். வேறு பெயர் சொன்னால் யாருக்கும் புரியாது.

எங்கள் பகுதிக்குப் பக்கத்தில் கரையேறவிட்ட குப்பம் இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட நாவுக்கரசர் அங்கேதான் கரையேறினார் என்பது மரபு. திருவாமூரில் பிறந்தபோது மருள்நீக்கியார், சமணத்தில் சேர்ந்ததும் தருமசேனர், திரும்பி வந்ததும் நாவுக்கரசர், சம்பந்தர் வாயால் அப்பர். இரண்டு முறை மனம் மாறிய ஒருவர் கரை சேர்ந்ததை இன்றும் சித்திரையில் விழாவாகக் கொண்டாடுகிற ஊர் இது. இங்கேயே இன்று ஒருவர் போன தேர்தலில் ஒரு சின்னத்துக்கும் இந்தத் தேர்தலில் வேறு சின்னத்துக்கும் ஓட்டுப் போட்டேன் என்றால் அவரைத் துரோகி என்கிறோம். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

முக்கியமானதற்கு வருகிறேன். எனக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. யார் என்ன பெயர் வைத்தாலும் வீட்டில் உலை கொதிக்கும். அதனால்தான் எனக்குக் கிடைப்பது பட்டமாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர், எங்கள் பகுதிக்காரர்தான், தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தார். டிரம் கழுவுகிற வேலை. கொடுக்கிற முகக்கவசம் துணிதான், நெடி உள்ளே வருகிறது, வேறு மாதிரி கொடுங்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார். நியாயமான கேள்வி, ஒரு வாக்கியம். அன்று மாலைக்குள் அவர் ‘யூனியன்காரன்’ ஆகிவிட்டார். அவர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் கிடையாது. அடுத்த வாரம் அவருடைய கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. வேறு காண்ட்ராக்டர்களிடம் போனார், பெயர் அவருக்கு முன்னாலேயே போய் நின்றது. இப்போது துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறார். அதே கேள்வியை நான் ஒரு கருத்தரங்கத்தில் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்கள், நீங்களும் படம் போட்டிருப்பீர்கள். கேட்டவர் தினக்கூலி என்பதால் அவர் பிரச்சினை பண்ணுகிறவர். அந்த முகக்கவசம் சரியானதா என்று இன்றுவரை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

இது புதிய வழக்கமும் அல்ல. 1873இல் புதுச்சேரி நீதிமன்றத்துக்கு ஐரோப்பியர் போல ஷூ போட்டுக்கொண்டு வந்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையை நீதிபதி அனுமதிக்கவில்லை. அவர் விடாமல் பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார். பெரிய துணிச்சல், எனக்கு அவர் மேல் மதிப்பு உண்டு. அவருக்குச் சட்டம் தெரியும், பிரெஞ்சு தெரியும், பாரிஸுக்கு எழுத வசதி இருந்தது. அதே நாளில் அதே வாசலில் ஒரு வண்டிக்காரர் செருப்புப் போட்டுக்கொண்டு நின்று ஏன் கூடாது என்று கேட்டிருந்தால் அவர் பெயர் எந்தப் பதிவிலும் இருந்திருக்காது.

இன்னொருத்தி என் பேத்தி. ஒன்பதாவது படிக்கிறாள். வகுப்பில் கேள்வி கேட்பாள். வரலாற்றுப் பாடத்தில் ஒரு மன்னர் ஏரி வெட்டினார் என்று வந்தால், வெட்டியவர்களுக்குக் கூலி கொடுத்தாரா என்று கேட்கிற பிள்ளை. முதலில் ‘புத்திசாலி’ என்றார்கள். அப்புறம் ‘அதிகப்பிரசங்கி’ ஆயிற்று. ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான், அடிக்கவோ திட்டவோ இல்லை. ஆனால் மற்றப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கை தூக்கினாலே வகுப்பு சிரிக்கும். இப்போது கேட்பதை நிறுத்திவிட்டாள். வீட்டில் என்னிடம் மட்டும் கேட்கிறாள், அதுவும் குறைந்து வருகிறது. அந்த ஏரிக் கேள்விக்கு எனக்கும் முழுப் பதில் தெரியாது. கல்வெட்டுகளில் ஏரி வாரியம், வண்டல் எடுக்க மானியம் என்றெல்லாம் வருகிறது, அதை வைத்து இரண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கொண்டோம். ஒரு வகுப்பே சேர்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம் அது.

அந்த இளைஞருக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடந்ததை வைத்துப் பார்த்தால், எனக்குப் பட்டம் கொடுப்பது நியாயமாகவே இல்லை. கேள்வி கேட்பது ஏதோ அபூர்வமான குணம், அதற்கென்று ஊரில் ஒருவர் இருந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. கடலூரில் கேள்வி கேட்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கேட்டால் வேலை போகும், வகுப்பு சிரிக்கும் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் நிருபர்கள் அவர்களிடம் போக வேண்டும். பெயர் போட வேண்டாம், கேள்வியைப் போட்டால் போதும். எனக்கோ, பெயரும் ஊரும் போட்டால் போதும்.

சரி, கூட்டத்தில் நான் பேசியது இதுதான்.

ஆற்றங்கரையை ஆக்கிரமித்தவர் யார் என்று ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டிருக்கிறோம். கரை எங்கே இருக்கிறது என்று முதலில் கல் நட வேண்டும். கெடிலத்தின் இரு கரையிலும் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் இருக்கிறது, நகர்ப் பகுதிக்கு நகர நில அளவைப் பதிவேடு இருக்கிறது. பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையதளத்திலேயே இப்போது யாரும் பார்க்கலாம். அவற்றை வைத்து ஆற்றுப் புறம்போக்கின் எல்லையை அளந்து, கல் நட்டு, வரைபடத்தை மாநகராட்சி அலுவலகத்திலும் அந்தந்த வார்டிலும் ஒட்ட வேண்டும். அளக்கிற நாளை முன்கூட்டியே அறிவித்து, யார் வேண்டுமானாலும் நின்று பார்க்க விட வேண்டும்.

இரண்டாவது, பட்டியல் ஒன்றாக இருக்க வேண்டும். குடிசை, காம்பவுண்டுச் சுவர், கடை, மண்டபம், அரசுக் கட்டடம், வழிபாட்டு இடம் எல்லாம் அதே பட்டியலில். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்டு, 6ஆம் பிரிவுப்படி வெளியேற்ற வேண்டும். ஓலைக்கு ஒரு சட்டம், கான்கிரீட்டுக்கு ஒரு சட்டம் என்று அதில் இல்லை. என் அனுபவத்தில் நோட்டீஸ் முதலில் போவது ஓலைக்குத்தான்.

மூன்றாவது, குடிசையில் இருப்பவர்களுக்கு மாற்று இடம் கொடுத்த பிறகுதான் இடிக்க வேண்டும். அதுவும் வேலைக்குப் போய்வரக்கூடிய தூரத்தில். விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்தில் நிற்க வேண்டியவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வீடு கொடுத்தால் அவர் திரும்பி வந்து அதே கரையில் குடிசை போடுவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

நான்காவது, செலவே இல்லாத ஒரு வேலை. 2015லும் 2024லும் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்பது ஒவ்வொரு தெருவிலும் ஆட்களுக்கு நினைவிருக்கிறது, சில சுவர்களில் கறை கூட இருக்கிறது. மின்கம்பங்களிலும் பள்ளிச் சுவர்களிலும் ஆண்டைப் போட்டுக் கோடு வரைந்துவிட வேண்டும். அடுத்த முறை எச்சரிக்கை கொடுக்கும்போது இத்தனை ஆயிரம் கன அடி என்று சொல்வதோடு, ‘2024 கோடு வரை வரலாம்’ என்றும் சொன்னால் ஒரு பாட்டிக்குக்கூட எந்தச் சாமானை எங்கே தூக்கி வைக்க வேண்டும் என்று புரியும்.

கூட்டத்தில் இதற்குக் கிடைத்த பதில், குடிசைக்காரர்களிடமிருந்து ‘இடிக்கச் சொல்றாரு’, வீட்டுமனைக்காரர்களிடமிருந்து ‘குடிசைக்கு வக்காலத்து வாங்குறாரு’. நான் சொன்னதில் உண்மையிலேயே பலவீனமான இடம் ஒன்று உண்டு, அதை யாரும் தொடவில்லை. புலப்படங்கள் பழையவை. ஆறு அன்றிருந்த இடத்திலேயே இன்றும் இருக்காது, ஒரு பக்கம் அரித்து மறுபக்கம் மேடு தட்டியிருக்கும். படத்தில் உள்ள அகலம் இன்றைய வெள்ளத்துக்குப் போதாமலும் இருக்கலாம். பழைய எல்லைக்குக் கல் நட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து அது போதாது என்றால் மறுபடியும் அதே மக்களைக் கிளப்ப வேண்டி வரும். பழைய எல்லையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து புதிதாக ஒரு முறை அளப்பதுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எத்தனை கன அடி தண்ணீருக்கு எத்தனை அகலம் வேண்டும் என்பது பொறியாளர்களின் கணக்கு, என் தொழிலில் அது வராது.

அந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள், பணியிலும் ஓய்விலும். அவர்களில் ஒருவர், நான் சொன்னது ஏன் நடக்காது என்று எண்களோடு எழுதினால், அதை முழுதாக வெளியிடுங்கள். என் கடிதத்தைச் சுருக்கித்தான் அதற்கு இடம் பண்ண வேண்டும் என்றால் டீக்கடை, கல்யாணம் பற்றியதையெல்லாம் எடுத்துவிடுங்கள். கடைசி ஆறு பத்திகளை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
கோ. ச.,
வண்டிப்பாளையம், கடலூர்.